திரையில் 45 பாகை, தகட்டில் ஒரு மில்லிமீட்டர் பிழை: ஸ்நாப்பை நம்பலாமா?

கோவைப் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மூன்று ஆண்டுகளாக ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைந்து வருகிறார். கியர்பாக்ஸைத் தாங்கும் ஒரு தகட்டை அண்மையில் வரைந்திருக்கிறார். 10 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட், 320 மி.மீ. சதுரம், மூலைகளில் 20 மி.மீ. வளைவு, 260 மி.மீ. பி.சி.டி.யில் (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) எம்12 போல்ட்டுக்காக 13 மி.மீ. துளைகள் எட்டு. லேசர் கட்டிங் முடிந்து 30 தகடுகள் வந்த பிறகு, எந்தத் தகட்டிலும் எட்டு போல்ட்களையும் ஒருசேர ஏற்ற முடியவில்லை. இரண்டு துளைகள் இடிக்கின்றன. வரைபடத்தில் எல்லாக் கோணமும் 45 பாகை என்றே காட்டுவதால், தவறு லேசர் கடைக்காரருடையது என்பது அவர் வாதம். கடைக்காரரோ, வெட்டுவதற்காக அனுப்பிய டி.எக்ஸ்.எஃப். வரைபடக் கோப்பில் உள்ளதைத்தான் வெட்டினேன் என்கிறார். முன்பு ஒருமுறை இவருடைய கோப்பில் வெளிக்கோடு மூடவில்லை என்று திருப்பி அனுப்பியவரும் அவரே. முதலாளி தகட்டின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார். கர்சரைக் கோட்டின் முனை, வெட்டுப்புள்ளி போன்ற இடங்களில் தானாக ஒட்டவைக்கும் ‘ஸ்நாப்’ வசதியைப் பற்றித்தான் வாசகியின் கேள்வி. “எல்லா ஸ்நாப்பும் ஆன் செய்துதான் வரைந்தேன். ஸ்நாப்பே ஏமாற்றினால் யாரை நம்புவது? இனி அதை அணைத்துவிட்டு, நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் கிளிக் செய்யலாம் என்று நினைக்கிறேன். அல்லது வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமா?” என்று கேட்டு, கோப்பையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கோப்பைத் திறந்து பார்த்தேன். நீங்கள் எதிர்பார்த்த செய்தியை என்னால் சொல்ல முடியவில்லை: லேசர் கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் ஸ்நாப் உங்களை ஏமாற்றிவிட்டது என்பதும் சரியில்லை. நடந்தது என்ன என்பதற்கான தடயம் கோப்பிலேயே இருப்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

தகட்டின் மையத்தை நீங்கள் 0,0-இல் வைத்திருப்பது நல்ல பழக்கம்; அதனால் சரிபார்ப்பது எளிதாயிற்று. வலப்புறத் துளையை ஒன்று என்று கொண்டு இடஞ்சுழியாக எண்ணினால், இரண்டாம் துளையின் மையம் எக்ஸ் 91.9239, ஒய் 91.9239 என்று இருக்க வேண்டும். ஆரம் 130, கோணம் 45 என்பதற்கான கணக்கு அது. அந்த வட்டத்தைத் தேர்ந்து, பொருளின் விவரங்களைக் காட்டும் ‘லிஸ்ட்’ கட்டளையைக் கொடுத்தபோது எனக்குக் கிடைத்தது எக்ஸ் 91.199, ஒய் 92.643. கோணமாக மாற்றினால் 45.45 பாகை. நான்காம் துளை 135 பாகையில் இருப்பதற்குப் பதிலாக 134.6-இல் இருக்கிறது. 130 மி.மீ. ஆரத்தில் 0.45 பாகை என்பது 1.02 மி.மீ.; 0.4 பாகை என்பது 0.91 மி.மீ. 12 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை என்றால் சுற்றிலும் அரை மில்லிமீட்டர்தான் இடம். ஒரு துளை மட்டும் விலகியிருந்தால் தகட்டைச் சற்றுத் திருப்பி ஏறக்குறையச் சமாளித்திருக்கலாம். இங்கே இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகியிருப்பதால், எப்படித் திருப்பினாலும் நகர்த்தினாலும் ஏறாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இரண்டு துளைகளும் கோணத்தில் விலகியிருந்தாலும், மையத்திலிருந்து அவற்றின் தூரம் நான்கு தசம இடம் வரை 130.0000-ஆகவே இருக்கிறது. கை தவறிக் கிளிக் செய்திருந்தால் ஆரமும் பிசகியிருக்கும். ஆரம் சரியாக இருந்து கோணம் மட்டும் நழுவியிருப்பதால், அந்தப் புள்ளி பி.சி.டி. வட்டத்தின் மேல் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 45 பாகைக் கோடு வட்டத்தை வெட்டும் இடத்தில் அல்ல. இது, கர்சருக்கு மிக அருகில் உள்ள புள்ளியைப் பிடிக்கும் ‘நியரஸ்ட்’ ஸ்நாப்பின் கைரேகை.

எல்லா ஸ்நாப்பையும் ஆன் செய்வதில் உள்ள சிக்கல்

ஸ்நாப் என்பது புதிய சரக்கு அல்ல. 1963-இல் ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் தம் ஆய்வுக்காகச் செய்த ஸ்கெட்ச்பேட் நிரலிலேயே, ஒளிப்பேனாவைக் கோட்டின் அருகே கொண்டுபோனால் புள்ளி தானாக அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். மனிதக் கை நடுங்கும், திரைக்கு நுணுக்கம் போதாது, ஆனால் வடிவியல் உறவுக்கு இந்த இரண்டு குறையும் இல்லை என்பதே அதன் அடிப்படை. ‘இந்தக் கோட்டின் முனை’, ‘அந்த இரண்டின் வெட்டுப்புள்ளி’ என்று நீங்கள் உறவைச் சொன்னால், எண்ணைக் கணினி கணக்கிட்டுக்கொள்கிறது. ஆகவே ஸ்நாப்பின் துல்லியம் நீங்கள் எந்த உறவைச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் ‘வெட்டுப்புள்ளி’ என்று மனத்தில் நினைத்தீர்கள்; மென்பொருளிடம் ‘வட்டத்தின் மேல் கர்சருக்கு மிக அருகில் உள்ள ஏதோ ஒரு புள்ளி’ என்பதற்கும் சேர்த்து அனுமதி கொடுத்திருந்தீர்கள். அது கொடுத்த விடையும் தன்னளவில் துல்லியமானதுதான், கேள்விதான் வேறு.

உங்கள் ஸ்நாப் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிகம் ஆன் செய்தால் பாதுகாப்பு அதிகம் என்று நினைப்பது இயல்பு, உண்மை நேர்மாறானது. நியரஸ்ட்டுக்கான புள்ளி கர்சர் வட்டத்தில் எங்கே இருந்தாலும் அங்கேயே கிடைத்துவிடும். வெட்டுப்புள்ளியோ சில பிக்சல் தள்ளி இருக்கும். எப்போதும் ‘மிக அருகில்’ இருப்பது நியரஸ்ட்தான் என்பதால் அது அடிக்கடி மற்றவற்றை முந்திக்கொள்ளும். எட்டில் இரண்டு முறை அப்படி முந்தியிருக்கிறது. தகடு முழுவதும் திரையில் தெரியும் அளவில், ஒரு மில்லிமீட்டர் என்பது மூன்று நான்கு பிக்சல். கண்ணால் பிடிக்கவே முடியாது.

ஆனால் குறியைப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். முனைப்புள்ளிக்குச் சதுரம், நடுப்புள்ளிக்கு முக்கோணம், மையத்துக்கு வட்டம், கால்வட்டப் புள்ளிக்குச் சாய்சதுரம், வெட்டுப்புள்ளிக்குப் பெருக்கல் குறி என்று ஆட்டோகேட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் காட்டுகிறது. நியரஸ்ட்டுக்கு உடுக்கை போன்ற வடிவம். நீங்கள் பெருக்கல் குறியை எதிர்பார்க்கும் இடத்தில் உடுக்கை தெரிந்தால் கிளிக் செய்யக் கூடாது. டேப் விசையைத் தட்டினால் அந்த இடத்தில் உள்ள மற்றப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மாறி வரும், தேவையானது வந்ததும் கிளிக் செய்யலாம். ‘பச்சையாக ஏதோ ஒன்று தெரிந்தால் போதும்’ என்று அடிப்பது வேகமாக வரைபவர்களிடம் நான் அதிகம் காணும் பழக்கம். நானும் அப்படி வரைந்தவன்தான்.

என் பரிந்துரை: நிரந்தரமாக ஆன் செய்து வைக்க எண்ட்பாயின்ட், மிட்பாயின்ட், சென்டர், இன்டர்செக்‌ஷன் ஆகிய நான்கு போதும், குவாட்ரன்ட் (கால்வட்டப் புள்ளி) வேண்டுமானால் ஐந்தாவது. டேன்ஜென்ட், பர்பெண்டிகுலர், நியரஸ்ட் போன்றவற்றை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலிலிருந்து, அந்த ஒரு கிளிக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அது தானாக விலகிவிடும். இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நடுப்புள்ளியும், ஒரு புள்ளியிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளியுள்ள இடத்தைத் தரும் ‘ஃப்ரம்’ வசதியும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. இவற்றைப் பழகினால், பிறகு அழிப்பதற்காகவே நீங்கள் வரையும் துணைக்கோடுகளில் பாதி குறைந்துவிடும்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். “எஃப் 9 அழுத்தி ஸ்நாப் போட்டேன்” என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எஃப் 9 கட்டளையிடுவது கட்ட ஸ்நாப்பை. அது கர்சரைக் குறித்த இடைவெளியில் தாவ வைக்கும், வரைந்த பொருள்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பொருள் ஸ்நாப்புக்கு எஃப் 3. இரண்டின் பெயரிலும் ‘ஸ்நாப்’ இருப்பதைத் தவிர வேறு உறவு இல்லை.

கையால் கிளிக் செய்வது தீர்வாகுமா?

ஆகாது. பெரிதாக்கிப் பார்த்தால் பிழை சிறிதாகும், இல்லாமல் போகாது. ஸ்நாப் இல்லாத கிளிக் ஏதோ ஒரு பிக்சலில்தான் விழும். 300 மி.மீ. தகடு 1500 பிக்சலில் தெரியும்போது ஒரு பிக்சல் 0.2 மி.மீ.; நூறு மடங்கு பெரிதாக்கினால் 0.002 மி.மீ. அப்போதும் இரண்டு கோடுகளின் முனைகள் ‘ஏறக்குறைய’ சந்திக்கும், சந்திக்காது. முன்பு கடைக்காரர் திருப்பி அனுப்பினாரே, வெளிக்கோடு மூடவில்லை என்று, அது இதே நோயின் இன்னொரு முகம். அந்தப் பழைய கோப்பில் மூலை வளைவுகளை நீங்கள் ஃபில்லட் கட்டளையில் செய்யாமல் தனித்தனி வில்லாக வரைந்து ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு மூலைகளில் நேர்கோட்டின் முனைக்கும் வில்லின் முனைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது. லேசர் இயந்திரத்தின் மென்பொருளுக்கு எது உள்ளே, எது வெளியே என்று தெரிய வேண்டுமானால் கோடு ஒரு சுற்றாக முடிய வேண்டும்.

ஆயத்தொலைவுகளைத் தட்டச்சு செய்வது கையால் கிளிக் செய்வதைவிட ஆயிரம் மடங்கு மேல், ஆனால் உங்கள் தகட்டுக்கு அதுவும் தேவையில்லை. எட்டுத் துளைகளையும் ஒவ்வொன்றாக வைத்ததே முதல் பிசகு என்பேன். வலப்புறக் கால்வட்டப் புள்ளியில் ஒரு துளையை வையுங்கள். மையத்தைச் சுற்றி நகல்களை அமைக்கும் போலார் அரே கட்டளையில் தகட்டின் மையத்தைச் சென்டர் ஸ்நாப்பால் பிடித்து, எண்ணிக்கை 8, கோணம் 360 என்று கொடுங்கள். மற்ற ஏழும் கணக்கின்படி வந்து அமரும். நீங்கள் கிளிக் செய்யும் புள்ளிகள் எட்டிலிருந்து இரண்டாகக் குறைகின்றன. ஒன்று தவறினாலும் எட்டும் சேர்ந்து தவறும் என்பதால் உடனே கண்ணில் படும். சமச்சீர் உள்ள எந்த வடிவத்துக்கும் மிரர், அரே இரண்டையும் முதலில் நினையுங்கள்.

ஸ்நாப் பிடித்தும் சந்திக்காத கோடுகளும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், வேறொருவர் அனுப்பிய ஒரு பேஸ் ஃபிரேம் வரைபடத்தில் இரண்டு கோடுகள் கண்ணுக்கு முன்னால் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தன. இன்டர்செக்‌ஷன் ஸ்நாப் மட்டும் வரவே இல்லை. அரை நாள் மென்பொருளைத் திட்டிய பிறகு, தூரத்தை அளக்கும் டிஸ்ட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், இசட் வித்தியாசம் 40 மி.மீ. ஒரு கோடு தரையில், மற்றொன்று அந்தரத்தில். மேலிருந்து பார்க்கும்போது மட்டும் சந்திப்பதுபோல் தெரிந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் கோப்புகளை ஃபிளாட்டன் கட்டளையால் சமதளத்துக்குக் கொண்டுவந்துவிட்டு வேலையைத் தொடங்குவது அன்றிலிருந்து என் வழக்கம்.

திரை காட்டும் எண், கோப்பில் உள்ள எண்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரி, “எல்லாக் கோணமும் 45 என்றுதான் இருக்கிறது” என்பது. உங்கள் பரிமாண ஸ்டைலில் கோணத்துக்கான தசம இடம் பூஜ்யம். 45.45 என்பதும் 44.55 என்பதும் அதில் 45 என்றே தெரியும். நான் தசமத்தை நான்காக மாற்றியதும் எட்டுக் கோணங்களில் நான்கு உடனே மாறிவிட்டன. லேசர் இயந்திரம் நீங்கள் எழுதிய பரிமாணத்தைப் படிப்பதில்லை. வட்டத்தின் மையம், ஆரம், கோட்டின் முனைகள் என்று டி.எக்ஸ்.எஃப்.இல் உள்ள எண்களையே படிக்கிறது. தாளில் அச்சிட்டுப் பிட்டரிடம் கொடுத்த காலத்தில், அவர் எண்ணைப் படித்து ஸ்கேலும் டிவைடரும் வைத்துக் குறித்துக்கொள்வார். வரைபடம் சற்றுக் கோணலாக இருந்தாலும் எண் சரியாக இருந்தால் ஜாப் சரியாக வரும். இப்போது எண் வெறும் அலங்காரம், வடிவமே உத்தரவு. இந்த மாற்றம் நம் பட்டறைகளில் பலருக்கு இன்னும் மனத்தில் பதியவில்லை; சரிபார்ப்பவர்கள் இன்றும் அச்சிட்ட தாளில் எண்களுக்குப் பச்சை மையில் டிக் போடுகிறார்கள்.

ஆகையால், கோப்பு வெளியே போகும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் செய்யுங்கள்:

1. பரிமாணங்களின் தசம இடத்தைத் தற்காலிகமாக நான்குக்கு உயர்த்துங்கள். 44.9998 போன்ற எண் தெரிந்தாலும் விடாதீர்கள். ஸ்நாப் சரியாகப் பிடித்திருந்தால் 45.0000 என்றே வரும்.

2. ஓவர்கில் கட்டளையால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்குங்கள். அவை இருந்தால் லேசர் ஒரே பாதையில் இருமுறை போகும்.

3. வெளிக்கோட்டைப் பெடிட் கட்டளையில் ‘ஜாயின்’ செய்து, பிராப்பர்ட்டீஸ் பலகையில் ‘குளோஸ்டு: யெஸ்’ என்று வருகிறதா என்று பாருங்கள். இடைவெளியை மறைக்க ஃபஸ் தூரத்தை (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற வரம்பு) கூட்டி ஒட்டவைக்கும் குறுக்குவழி உண்டு. அது பிழையைப் பூசி மறைப்பது, தவிர்த்துவிடுங்கள்.

4. டி.எக்ஸ்.எஃப்.ஐ வெற்றுக் கோப்பில் திரும்பத் திறந்து வெளியளவை ஒருமுறை அளந்து பாருங்கள். மில்லிமீட்டர், அங்குலக் குழப்பம் இருந்தால் 25.4 மடங்கு வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

வேறு மென்பொருளுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுப்பாடுகளை வைத்து வரையும் முப்பரிமாண மென்பொருள்களில், ‘இந்தத் துளை இந்தக் கோட்டில்தான் இருக்க வேண்டும்’ என்ற உறவு வரைந்த பிறகும் நிலைத்திருக்கும். ஆட்டோகேட்டில் சாதாரண ஸ்நாப் கிளிக் செய்யும் கணத்தோடு முடிந்துவிடுகிறது, பிறகு கோட்டை நகர்த்தினால் துளை கூடவே வராது. அந்த வகையில் கற்றுக்கொள்வது உங்களுக்கு நல்லது, சம்பளத்துக்கும் நல்லது. ஆனால் தட்டையான தகட்டு வேலைக்காக மட்டும் மாற வேண்டியதில்லை. பார்க்காமல் கிளிக் செய்யும் பழக்கம் கூடவே வந்தால், அங்கே தவறான உறவு நிலைத்தும் போகும்.

முப்பது தகடுகளையும் சம்பளத்தையும் பற்றி

தகடுகளைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு வழியை ஆராயுங்கள். எம்12 போல்ட்டுக்கான துளை அளவாக ஐ.எஸ்.ஓ. 273 தரத்தில் 13, 13.5, 14.5 என்று மூன்று நிலைகள் உண்டு. இடிக்கும் இரண்டு துளைகளை, அவை இருக்கும் மையத்திலேயே 14.5-க்குப் பெரிதாக்கினால் சுற்றிலும் 1.25 மி.மீ. இடம் கிடைக்கும், உங்கள் பெரிய விலகலே 1.02 என்பதால் எட்டு போல்ட்களும் ஏறும். கனமான வாஷர் போட வேண்டும். இது உங்கள் பட்டறை மட்டும் எடுக்கக்கூடிய முடிவல்ல. அந்த இணைப்பு எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்குகிறது என்பது வாடிக்கையாளரின் பொறியாளருக்குத்தான் தெரியும். நடந்ததை மறைக்காமல் எழுதி, எழுத்திலேயே ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். துளையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி போடலாம் என்று பட்டறையில் யாராவது சொன்னால், அதையும் ஒப்புதல் இல்லாமல் செய்ய விடாதீர்கள்.

சம்பளப் பிடித்தம் குறித்து நான் வழக்கறிஞனாகப் பேச முடியாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலும், அதன் இடத்துக்காக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும், முதலாளி நினைத்த தொகையைப் பிடிக்க இடமில்லை. நட்டத்துக்காகப் பிடிப்பது என்பது ஊழியரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் அவருடைய கவனக்குறைவால் சேதமானால் என்ற வரம்புக்குள் வருவது. தொகை உண்மையான நட்டத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வரைபடப் பிழை அந்த வரம்புக்குள் வருமா என்பதே வாதத்துக்கு உரியது. பிடித்தம் உண்மையிலேயே நடந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆனால் அதற்கு முன் உங்கள் வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தைப் பாருங்கள். ‘வரைந்தவர்’, ‘சரிபார்த்தவர்’ இரண்டிலும் உங்கள் முதலெழுத்தே இருக்கிறது. வேறு ஆள் இல்லாததால் போட்டிருப்பீர்கள் என்று புரிகிறது. பிழை உங்களுடையது என்பதை முதலாளியிடம் ஒப்புக்கொள்ளுங்கள். அதே மூச்சில், 30 தகடு வெட்டும் முன் ஒரு மாதிரித் தகட்டை வெட்டிக் கியர்பாக்ஸில் பொருத்திப் பார்க்க யாரும் சொல்லவில்லை என்பதையும், சரிபார்ப்புக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். சண்டையாக அல்ல, நடைமுறையாக எழுதுங்கள். லேசர் கடைக்காரரிடம் போய் மறுபடி வாதிட வேண்டாம். அவரிடம் உங்கள் டி.எக்ஸ்.எஃப். அப்படியே இருக்கும், நான் பார்த்த எண்களை அவரும் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார்.

கடைசியாக ஒன்று. இதே தகட்டின் இடப்பக்க வடிவத்தை அடுத்த ஆர்டருக்காக ‘மிரர்’ செய்து வைத்திருப்பதாகக் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோப்பிலிருந்துதான் மிரர் செய்திருப்பீர்கள் என்றால், அந்த இரண்டு துளைகளின் விலகலும் அதில் அப்படியே திரும்பி நிற்கும். அதை இன்றே திறந்து, துளைகளை அழித்துவிட்டு, அரே போட்டு மறுபடி வரையுங்கள்.